கூட்டா விஷவாயுத் தாக்குதல்: வெளிநாட்டுப் படைகள் இறங்கியிருக்க வேண்டுமா?

கீழைக்காற்று:

சிரிய உள்நாட்டுப் போரைப் பற்றி யாருடன் பேசினாலும் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது. 2013 ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்ஸும் சிரிய அதிபர் அசாத்தின் அரசைத் தாக்கியிருக்க வேண்டுமா, கூடாதா? அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பேசலாம் என்றுதான் இந்த இழை.

நடந்தது இதுதான். ஆகஸ்ட் 21 அதிகாலை, டமாஸ்கஸை ஒட்டியுள்ள கூட்டா பகுதியில் சமல்கா, ஐன் தர்மா, முவாதமியா ஆகிய ஊர்களில் சாரின் என்ற நரம்பு நச்சு நிரப்பிய ராக்கெட்டுகள் விழுந்தன. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் ஒருமித்த கணக்கு கிடையாது. அமெரிக்கா 1,429 என்றது. பிரிட்டிஷ் உளவுத்துறை குறைந்தது 350 என்றது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தான் உதவிவந்த மூன்று மருத்துவமனைகளுக்கு மட்டும் மூன்று மணி நேரத்துக்குள் சுமார் 3,600 பேர் வந்ததாகவும் அவர்களில் 355 பேர் இறந்ததாகவும் சொன்னது.

ரசாயன ஆயுதத்தைத் தொட்டால் அது சிவப்புக் கோடு என்று ஒபாமா ஓராண்டுக்கு முன்பே சொல்லியிருந்தார். கோடு தாண்டப்பட்டது. ஆனால் ஆகஸ்ட் 29 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 285-க்கு 272 என்ற வாக்கில் தாக்குதலுக்கு வழிவிடும் பிரதமர் கேமரனின் தீர்மானத்தைத் தோற்கடித்தது. இரண்டு நாள் கழித்து ஒபாமாவும் காங்கிரஸிடம் ஒப்புதல் கேட்கப்போவதாக அறிவித்தார். செப்டம்பர் 9-இல் லண்டனில் ஒரு பத்திரிகையாளர் கேட்ட கேள்விக்கு அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெரி, அசாத் ஒரு வாரத்துக்குள் கையிருப்பு முழுவதையும் ஒப்படைத்தால் தாக்குதலைத் தவிர்க்கலாம், ஆனால் அவர் அதைச் செய்யப்போவதில்லை என்று போகிற போக்கில் சொன்னார். ரஷ்யா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. கையிருப்பை ஒப்படைத்து அழிக்கச் செப்டம்பர் 14-இல் ஜெனீவாவில் ஒப்பந்தம், அதை உறுதிசெய்து 27-இல் ஐ.நா. பாதுகாப்பு அவையின் 2118-ஆம் தீர்மானம்.

தாக்காமல் விட்டதே சரி என்பது என் நிலைப்பாடு. ஒரு குண்டுகூடப் போடாமல் 1,300 டன் ரசாயனம் நாட்டைவிட்டு வெளியேறியது. எந்த விமானத் தாக்குதலாலும் இதைச் சாதித்திருக்க முடியாது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மருதன்:

கீழைக்காற்று, தேதியெல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள்.

1,300 டன் போனது. அப்புறம் என்ன நடந்தது? 2014 ஏப்ரலில் தல்மெனெஸ் ஊரில் ஹெலிகாப்டரிலிருந்து குளோரின். 2015 மார்ச்சில் சர்மீனில் மறுபடியும் குளோரின். 2017 ஏப்ரல் 4-இல் கான் ஷேக்கூனில் சாரின், அதாவது ஒப்படைத்துவிட்டதாகச் சொன்ன அதே சாரின். 2018 ஏப்ரல் 7-இல் டூமா. டூமா எங்கே இருக்கிறது? அதே கூட்டாவில். ஐந்து வருடம் கழித்து அதே மக்களின் மேல்.

இன்னொன்று. அந்த ஒப்பந்தம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் மத்தியதரைக் கடலில் ஏவுகணைகளோடு நின்றதால் வந்தது. ஆகஸ்ட் மாதம்வரை தன்னிடம் ரசாயன ஆயுதம் இருப்பதாகவே நேராக ஒப்புக்கொள்ளாத அரசு, சில வாரத்தில் பட்டியல் கொடுத்து, ரசாயன ஆயுதத்தைத் தடைசெய்யும் சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்ததே, எதைப் பார்த்து? நல்ல மனசு வந்தா? அச்சம்தான். அந்த அச்சம் போனதும் பழைய புத்தி திரும்பிவிட்டது.

1988 மார்ச் 16, ஹலப்ஜா. சதாம் உசேன் குர்து மக்கள் மேல் விஷவாயு வீசி 5,000 பேர் வரை கொன்றார். உலகம் என்ன செய்தது? கண்டனம் தெரிவித்தது. ஈரானுடன் அவர் போரிட்டுக்கொண்டிருந்ததால் பெரிய நாடுகள் பலவும் அவர் பக்கம் சாய்ந்திருந்தன. விஷவாயு போட்டால் பதவிக்கு ஒன்றும் ஆகாது என்ற பாடத்தை அந்த வட்டாரத்து அரசுகள் எல்லாம் படித்துக்கொண்டன. 2013-இல் அந்தப் பாடத்தை மாற்றி எழுத ஒரு வாய்ப்பு வந்தது, விட்டுவிட்டோம்.

கேள்விக்காரன்:

2003 பிப்ரவரி 5-ஐ இங்கே யாருக்கும் நினைவில்லையா? அன்றைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல் பாதுகாப்பு அவையில் உட்கார்ந்து படம், வரைபடம், ஒலிப்பதிவு எல்லாம் காட்டி இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று உலகத்துக்கே சொன்னார். ஒன்றும் இல்லை. ஒரு நாடு நாசமானது. பத்தே வருடம் கழித்து அதே நாட்டு அரசு இன்னொரு அறிக்கையை நீட்டினால் நான் ஏன் நம்ப வேண்டும்? பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் மனதில் இருந்ததும் இராக்தான்.

அடிப்படைக் கேள்வி ஒன்று. ஆகஸ்ட் 18-ஆம் தேதியே ஐ.நா. ஆய்வாளர்கள் டமாஸ்கஸுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் தங்கியிருந்த ஓட்டலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், போரில் கை ஓங்கியிருந்த ஒரு அரசு எதற்காக விஷவாயு போட்டுத் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ள வேண்டும்? லாபம் யாருக்கு?

சாம்பல்நாரை:

கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அரசியல் எனக்குத் தெரிந்த அளவு உங்களுக்கும் தெரியும். ஆனால் சாரின் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியும். சொல்லியும் ஆக வேண்டும், ஏனென்றால் நாம் எதைப் பற்றி வாதாடுகிறோம் என்பது எண்ணிக்கைகளுக்கு நடுவே மறைந்துவிடுகிறது.

நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பிய பிறகு, அந்தக் கட்டளையைச் சுமந்து வந்த வேதிப்பொருளைச் சிதைத்து அப்புறப்படுத்த உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. சாரின் அந்த நொதியைப் பூட்டிவிடும். கட்டளை நிற்காது. கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கும், வாயிலும் மூக்கிலும் நுரை தள்ளும், மார்புத் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சுயநினைவோடு இருக்கும்போதே மூச்சு நிற்கும். அட்ரோபின் ஊசியை உடனே போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. கிழக்கு கூட்டாவோ மாதக்கணக்காக முற்றுகையில் இருந்த இடம். நோயாளியின் ஆடையிலிருந்து வரும் ஆவியே வைத்தியம் பார்ப்பவரையும் தாக்கும். ஆடையைக் களைந்து தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், அதுவும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே இரவில்.

இன்னொன்று, சாரின் ஆவி காற்றைவிடக் கனமானது. கீழ்நோக்கித்தான் போகும். கூட்டா மக்கள் பல மாதமாகக் குண்டுவீச்சில் பழகியவர்கள். சத்தம் கேட்டால் நிலவறைக்குப் போவது அவர்கள் வழக்கம். அன்றைக்கு அந்த வழக்கமே எமனாகிவிட்டது. அதிகாலை 2 மணியிலிருந்து 5 மணிவரை வெப்பநிலை இறங்கிக்கொண்டிருந்தது, நிலத்தை ஒட்டிய காற்று மேலே எழவில்லை என்று ஐ.நா. அறிக்கையே குறிப்பிடுகிறது. விஷம் கலைந்து போகாமல் தெருவிலும் நிலவறையிலும் தேங்கி நிற்க இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

கேள்விக்காரன் அவர்களே, ஆய்வாளர்கள் பக்கத்தில் இருக்கும்போதே ஏன் செய்தார்கள் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் நோக்கத்தை ஊகிப்பது வேறு, தடயத்தைப் படிப்பது வேறு. ஓகே செல்ஸ்ட்ரம் தலைமையிலான ஐ.நா. குழு ஆகஸ்ட் 26-இல் முவாதமியாவுக்குப் புறப்பட்டபோது அவர்களுடைய வண்டியை நோக்கிச் சுட்டார்கள். வண்டியை மாற்றிக்கொண்டு போய் மண், ராக்கெட் பாகங்கள், ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுத்தார்கள். செப்டம்பர் 16-இல் வெளிவந்த அறிக்கை தரையிலிருந்து ஏவிய ராக்கெட்டுகளில் சாரின் இருந்ததற்குத் தெளிவான சான்று உண்டு என்றது. முவாதமியாவில் 140 மில்லிமீட்டர் ராக்கெட், சமல்கா பக்கம் 330 மில்லிமீட்டர் ராக்கெட். அந்தப் பெரிய ராக்கெட்டைக் கிளர்ச்சிக் குழுக்கள் வைத்திருந்ததாக நம்பத்தகுந்த ஒரு சான்றும் வரவில்லை. பவல் காட்டியது உளவுத்துறையின் வாய்மொழி. இது இடத்துக்குப் போய் எடுத்த மண். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

வன்னிமகள்:

சாம்பல்நாரை சேர் நிலவறையைப் பற்றி எழுதியதை வாசித்தபிறகு அன்றைக்கு என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. பங்கருக்குள் இருந்து வளர்ந்த ஆள் நான். செல் (எறிகணை) கூவுற சத்தம் கேட்டால் கால் தானாக மண்ணுக்குக் கீழே ஓடும். கீழே போனால் உயிர் தப்பலாம் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. அந்த ஒன்றையும் பிடுங்கிய ஆயுதம் இது.

தாக்கியிருக்க வேணுமா இல்லையா என்று கேட்டால், எங்களிடம் இரண்டு பக்கத்து அனுபவமும் இருக்கிறது. 1987-இல் அமைதி காக்க என்று வெளிநாட்டுப் படை வந்தது. 1990-இல் அது திரும்பிப் போனபோது எங்கட சனத்தின் மனதில் என்ன மிஞ்சியிருந்தது என்று இங்கே பலருக்குத் தெரியும். 2009-இல் ஒருவரும் வரவில்லை. கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. செயலாளரின் நிபுணர் குழு 2011-இல் எழுதியது. வந்ததாலும் செத்தோம், வராததாலும் செத்தோம்.

எங்களுடைய ஆட்கள் அப்போது உண்மையில் கேட்டது என்ன தெரியுமா? கொழும்பில் குண்டு போடச் சொல்லியில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் போகத் தயாரானபோது, சனம் அவர்களுடைய வாசலில் நின்று போகாதேங்கோ என்று மன்றாடியது. நீங்கள் இருந்தால் பார்ப்பதற்கு ஆள் இருக்கும் என்றுதான் கெஞ்சியது. அவர்கள் போய்விட்டார்கள். பார்ப்பதற்கு ஆளில்லாத இடத்தில் எதையும் செய்யலாம். கூட்டாவைப் பற்றிக் கதைக்கும்போது இதையும் ஒருக்கால் யோசியுங்கள்.

சட்டப்புள்ளி:

வன்னிமகளின் பதிவுக்குப் பிறகு சட்டம் பேசுவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது.

ஐ.நா. சாசனப்படி ஒரு நாடு இன்னொரு நாட்டின்மேல் படை பயன்படுத்தக் கூடாது, விதி 2(4). விலக்கு இரண்டே இரண்டு. தற்காப்பு, விதி 51. அல்லது ஏழாம் அத்தியாயத்தின்படி பாதுகாப்பு அவையின் அனுமதி. தண்டனை கொடுப்பதற்காகத் தாக்குவது இரண்டிலும் வராது. சிரியாவைப் பொறுத்தவரை ரஷ்யாவும் சீனாவும் 2011 அக்டோபர், 2012 பிப்ரவரி, 2012 ஜூலை என்று ஏற்கெனவே மூன்று முறை வீட்டோ போட்டிருந்தன. அனுமதி வராது என்பது ஊரறிந்த விஷயம்.

2013 ஆகஸ்டில் சிரியா ரசாயன ஆயுத ஒப்பந்தத்தில் உறுப்பினராகவே இல்லை. 1925 ஜெனீவா நெறிமுறையில் இருந்தது. அந்த நெறிமுறை நாடுகளுக்கு இடையிலான போரை மனதில் வைத்து எழுதப்பட்டது. தன் நாட்டு மக்கள்மீதே வீசினால் என்ன செய்வது என்று அதில் வழி இல்லை. வழக்காற்றுச் சட்டம் உள்நாட்டுப் போரிலும் இதைத் தடைசெய்கிறது என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டது. ஆனால் தடை மீறப்பட்டால் யார், எப்படித் தண்டிப்பது என்பது திறந்தே கிடக்கிறது.

பிரிட்டிஷ் அரசு ஆகஸ்ட் 29 அன்று தன் சட்ட நிலையை வெளியிட்டது. கடும் மனிதத் துயர், வேறு வழியின்மை, தேவைக்கு மிஞ்சாத படைபலம் ஆகிய மூன்றும் இருந்தால் அவையின் அனுமதி இல்லாமலும் தலையிடலாம் என்பது அதன் வாதம். வேறு சில நாடுகளே இதை ஏற்கின்றன. 1999-இல் நேட்டோ கொசோவோவில் 78 நாள் குண்டு போட்டதை ஆராய்ந்த தனிக்குழு, சட்டவிரோதம், ஆனால் நியாயமானது என்று முடித்தது. அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் நாம் இன்னமும் மாட்டிக்கொண்டிருக்கிறோம்.

லிபியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011 மார்ச்சில் 1973-ஆம் தீர்மானம் பொதுமக்களைக் காக்க என்று வந்தது. இந்தியா, ரஷ்யா, சீனா, பிரேசில், ஜெர்மனி வாக்களிக்காமல் ஒதுங்கின. அது கடாஃபியின் ஆட்சிக் கவிழ்ப்பில் முடிந்தது. அதற்குப் பிறகு மக்களைக் காக்கும் பொறுப்பு என்று யார் பேசினாலும் மாஸ்கோ காது கொடுக்கவில்லை. அந்தக் கோபத்துக்கு விலை கொடுத்தவர்கள் சிரியர்கள்.

மருதன்:

சார், சட்டம் நீங்கள் சொன்னபடிதான். ஆனால் வீட்டோ வைத்திருப்பவனின் நண்பனாக இருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்பதுதான் அந்தச் சட்டத்தின் நடைமுறைப் பொருள் என்றால், அதற்காக நிலவறையில் குழந்தைகள் சாக வேண்டுமா?

1971-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பாகிஸ்தானில் படுகொலை. ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தார்கள். டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபை 104-க்கு 11 என்ற வாக்கில் சண்டையை நிறுத்தச் சொன்னது. இந்தியா நிறுத்தவில்லை. டிசம்பர் 16-இல் டாக்கா விடுதலையானது. அது தப்பு என்று இங்கே யாராவது சொல்வீர்களா? 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் போய் 1979 ஜனவரியில் போல் பாட் ஆட்சியை விரட்டியது. உலகமே வியட்நாமைத் தண்டித்தது. ஆனால் கொலைக்களங்கள் நின்றது அதனால்தான். ருவாண்டாவுக்கு யாரும் சமயத்தில் போகவில்லை. 1994-இல் நூறு நாளில் லட்சக்கணக்கானவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அனுமதிச் சீட்டு வரும்வரை காத்திருந்த நாடுகளை வரலாறு மன்னிக்கவில்லை.

கீழைக்காற்று:

மருதன், 1971 நல்ல உதாரணம். ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது.

டாக்காவில் தரையில் படை இறங்கியது. குறிக்கோள் தெளிவாக இருந்தது: கொல்கிறவர்களின் ஆட்சியை அங்கே முடித்து, அகதிகளைத் திருப்பி அனுப்புவது. ஆட்சியை ஏற்கப் பெருவாரியான மக்கள் தேர்ந்தெடுத்த தலைமை தயாராக இருந்தது. இந்தியப் படை சில மாதத்தில் வெளியேறியது. 2013-இல் மேசையில் இருந்த திட்டம் இதில் எது? தாக்குதல் நம்ப முடியாத அளவுக்குச் சின்னதாக இருக்கும் என்று கெரியே சொன்னார். ஆட்சி மாற்றம் கிடையாது, தரைப்படை கிடையாது, முற்றுகையை உடைப்பது கிடையாது. விஷவாயுவுக்குத் தண்டனை கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதற்குள் சிரியப் போரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் செத்திருந்தார்கள் என்று ஐ.நா. சொல்லிவிட்டது. மிகப் பெரும்பாலானோர் சாதாரணக் குண்டிலும் தோட்டாவிலும் செத்தவர்கள்.

தாக்கினால் என்ன ஆகும் என்று நாம் ஊகிக்கவும் தேவையில்லை, பிறகு செய்து பார்த்தார்களே. கான் ஷேக்கூனுக்குப் பிறகு 2017 ஏப்ரல் 7-இல் டிரம்ப் ஷாய்ரத் விமானத்தளத்தின் மேல் 59 டோமாஹாக் ஏவுகணைகளை வீசினார். அந்தத் தளம் உடனே மீண்டும் செயல்படத் தொடங்கியது. ஒரே வருடத்தில் டூமா. டூமாவுக்குப் பிறகு 2018 ஏப்ரல் 14-இல் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் சேர்ந்து 105 ஏவுகணைகள் வீசின. அதே ஏப்ரல் 14-ஆம் தேதிதான் கிழக்கு கூட்டா முழுவதும் தன் கைக்கு வந்துவிட்டதாகச் சிரிய ராணுவம் அறிவித்தது. டூமாவில் இருந்தவர்கள் விஷவாயு விழுந்த மறுநாளே பணிந்து பேருந்தில் ஏறச் சம்மதித்துவிட்டார்கள். விஷவாயு தன் வேலையை முடித்துவிட்டது, ஏவுகணை வந்து எதையும் மாற்றவில்லை. அந்தத் தாக்குதல் யாருக்காக?

மருதன்:

2017-இல் வந்தது நான்கு வருடம் பிந்தி வந்த அடி. 2015 செப்டம்பரிலேயே ரஷ்ய விமானப்படை சிரியாவில் இறங்கிவிட்டது. அதற்கு முன்னால் 2013-இல் விழுந்திருந்தால் கணக்கு வேறு. இதில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

நெய்தல்:

இழையை ஆரம்பத்திலிருந்து வாசிக்கிறேன். வணிகக் கப்பலில் வேலை செய்பவன் என்பதால் அந்த 1,300 டன் எப்படிப் போனது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு ஈடுபாடு. யாரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

முதலில் அந்த ரசாயனத்தை அழிக்க எந்த நாடும் தன் மண்ணில் இடம் தரவில்லை. அல்பேனியாவைக் கேட்டார்கள். மக்கள் தெருவில் இறங்கியதும் 2013 நவம்பரில் அந்த அரசு மறுத்துவிட்டது. நிலத்தில் இடமில்லை என்றதும் கடலில் செய்வது என்று முடிவானது. போர் நடக்கும் நாட்டில் சாலை வழியாக லட்டாக்கியா துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து டென்மார்க்கின் ‘ஆர்க் ஃபுதுரா’, நார்வேயின் ‘டைகோ’ என்ற கப்பல்களில் ஏற்றினார்கள். கடைசிச் சரக்கு 2014 ஜூன் 23-இல் கிளம்பியது. மிக ஆபத்தானவை இத்தாலியின் ஜோயா தவ்ரோ துறைமுகத்தில் ‘கேப் ரே’ என்ற அமெரிக்கக் கப்பலுக்கு மாற்றப்பட்டன. ஒரு பழைய சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள் இரண்டு சிதைப்பு இயந்திரங்களைப் பொருத்தியிருந்தார்கள். சாரினுக்கான மூலப்பொருள், கடுகு வாயு என்று 600 டன்னை நடுக்கடலில் வெந்நீரும் வேதிப்பொருளும் கலந்து செயலிழக்கச் செய்தார்கள். ஆகஸ்டில் முடிந்தது. கழிவு ஒரு சொட்டுகூடக் கடலில் விடாமல் ஜெர்மனிக்கும் பின்லாந்துக்கும் போனது.

அலையில் ஆடும் கப்பலில் சாதாரண அமிலப் பீப்பாய் ஒன்று கசிந்தாலே எங்களுக்குத் தூக்கம் போய்விடும். உலகத்தில் அதுவரை யாரும் செய்யாத வேலை அது. மருதன் அண்ணன் சொல்லும் அச்சுறுத்தல் இல்லாமல் இது தொடங்கியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குண்டு விழ ஆரம்பித்திருந்தால் ஒரு லாரிகூட லட்டாக்கியாவுக்கு வந்திருக்காது. கிடங்கின்மேல் குண்டு போட்டால் உள்ளே இருப்பது எந்த ஊர்ப்பக்கம் காற்றில் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கேள்விக்காரன்:

சாம்பல்நாரை ஐயா கூட்டாவைப் பற்றிச் சொன்னதற்கு நான் மறுத்துப் பேசவில்லை. டூமாவுக்கு என்ன சொல்கிறீர்கள்? ரசாயன ஆயுதத் தடை அமைப்புக்குள்ளேயே இருந்த ஆய்வாளர்கள் டூமா பற்றி அது வெளியிட்ட அறிக்கையை எதிர்த்தார்கள், உள் ஆவணங்கள் கசிந்தன. குளோரின் உருளை மேலேயிருந்து விழுந்ததா, கையால் வைக்கப்பட்டதா என்று அவர்களுக்குள்ளேயே தகராறு. இதை மட்டும் ஏன் மூடி மறைக்க வேண்டும்?

சாம்பல்நாரை:

மறைக்கவில்லை, பேசலாம். அந்தக் கருத்து வேறுபாடு உண்மை. அதை அந்த அமைப்பு கையாண்ட விதம் சந்தேகத்தை வளர்த்தது என்பதும் உண்மை. திறந்த மனதோடு எல்லார் முன்னாலும் வைத்து விவாதித்திருக்க வேண்டும். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2023 ஜனவரியில் அதே அமைப்பின் புலனாய்வுக் குழு நீண்ட விசாரணைக்குப் பிறகு, சிரிய விமானப்படையின் ஹெலிகாப்டர் ஒன்றாவது இரண்டு குளோரின் உருளைகளை வீசியது, 43 பேர் இறந்தார்கள் என்று நம்ப நியாயமான காரணம் உண்டு என்று முடித்தது. கையால் வைத்திருக்கலாம் என்ற வாதத்தையும் அது எடுத்து ஆராய்ந்தே தள்ளியது.

இவர்கள் எப்போதும் ஒரே பக்கம் சாய்பவர்கள் என்றும் சொல்ல முடியாது. ஐ.நா.வும் இந்த அமைப்பும் சேர்ந்து நடத்திய கூட்டு விசாரணைக் குழு, 2015 ஆகஸ்டில் மாரியா என்ற ஊரில் கடுகு வாயு பயன்படுத்தியது ஐ.எஸ். என்று பெயர் சொல்லியிருக்கிறது.

நான் இந்த இழையில் சொல்ல விரும்புவதே இதுதான். 2013-இல் செல்ஸ்ட்ரம் குழுவுக்குக் கொடுத்த அதிகாரம் என்ன? ரசாயன ஆயுதம் பயன்படுத்தப்பட்டதா என்று மட்டும் சொல்லலாம், யார் பயன்படுத்தினார்கள் என்று சொல்லக் கூடாது. உயிரைப் பணயம் வைத்துப் போய் மண்ணை அள்ளி வந்த ஆட்களின் வாயைக் கட்டியே அனுப்பினார்கள். அறிக்கையின் பிற்சேர்க்கையில் ராக்கெட் எந்தக் கோணத்தில் வந்து குத்தியது என்ற அளவுகள் மட்டும் இருந்தன. அதை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு வரைபடத்தில் கோடு போட்டார்கள். யார் செய்தது என்று சொல்லும் வேலை அமெரிக்க உளவுத்துறைக்கும் ரஷ்ய வெளியுறவுத் துறைக்கும் போய்விட்டது. இராக் பொய்க்குப் பிறகு அமெரிக்கா சொன்னால் பாதி உலகம் நம்பாது. ரஷ்யா சொன்னால் மீதிப் பாதி நம்பாது. கேள்விக்காரனுடைய சந்தேகம் முளைத்த இடம் அந்த வெற்றிடம்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

2015 ஆகஸ்டில் பாதுகாப்பு அவை ஒருமனதாக, ரஷ்யாவும் கை தூக்கி, பெயர் சொல்லும் அதிகாரத்தோடு அந்தக் கூட்டுக் குழுவை அமைத்தது. 2017 அக்டோபரில் அது கான் ஷேக்கூன் சாரினுக்குச் சிரிய அரசே பொறுப்பு என்றது. அங்கே கிடைத்த சாரினில் இருந்த மாசுகள், சிரியா ஒப்படைத்த கையிருப்பில் இருந்தவற்றோடு பொருந்தின. கைரேகை போல. அடுத்த மாதமே ரஷ்யா வீட்டோ போட்டு அந்தக் குழுவையே முடித்துவிட்டது. ஐந்து மாதத்தில் டூமா. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. பிறகு 2018 ஜூனில் தடை அமைப்பின் உறுப்பு நாடுகள் 82-க்கு 24 என்று வாக்களித்து, பெயர் சொல்லும் அதிகாரத்தை அந்த அமைப்பிடமே கொடுத்தன. அங்கே வீட்டோ கிடையாது.

தாக்கலாம் என்பவர்களுக்கும் கூடாது என்பவர்களுக்கும் முதலில் தேவை இதுதான். ஆகஸ்ட் 21-க்கு முன்பே அப்படி ஒரு குழு டமாஸ்கஸில் இருந்திருந்தால், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் உளவு அறிக்கையை நம்பலாமா என்று விவாதித்திருக்காது. மாஸ்கோவுக்கும் கிளர்ச்சியாளர்கள்மேல் பழிபோடுவது இத்தனை சுலபமாக இருந்திருக்காது.

வன்னிமகள்:

சேர், நீங்கள் சொல்வது எனக்கு மிகவும் விளங்குகிறது. பார்ப்பதற்கு ஆள் இருந்தும் வாயைத் திறக்க விடாவிட்டால் அது ஆளில்லாத மாதிரித்தான்.

மருதன்:

ஐயா, பெயரைச் சொல்லி என்ன நடந்தது? 2021 ஏப்ரலில் தடை அமைப்பில் சிரியாவின் வாக்குரிமையைப் பறித்தார்கள். அசாத்துக்கு அதில் என்ன நட்டம்? 2024 டிசம்பர் 8-இல் அவரைத் துரத்தியது எந்த அறிக்கையும் அல்ல, துப்பாக்கி ஏந்தியவர்கள். இப்போது மாஸ்கோவில் இருக்கிறார். பெயர் சொல்வதோடு கையும் வேண்டும்.

சட்டப்புள்ளி:

கை மெதுவாகத்தான் வரும், ஆனால் வராது என்று சொல்ல முடியாது. கூட்டா தாக்குதலுக்காக 2023 நவம்பரில் பிரெஞ்சு நீதிபதிகள் அசாத் மேல் கைது ஆணை பிறப்பித்தார்கள். பதவியிலிருக்கும் நாட்டுத் தலைவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்று 2025 ஜூலையில் அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆனால் அவர் இப்போது பதவியில் இல்லாததால் புதிய ஆணைக்குத் தடையில்லை என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு நிற்பதே தப்பிப் பிழைத்தவர்களின் வாக்குமூலத்தின் மேலும் அவர்கள் பாதுகாத்த தடயங்களின் மேலும்தான்.

கீழைக்காற்று:

அசாத் ஓடிய பிறகு நடந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த வாரமே இஸ்ரேல் சிரியாவில் நூற்றுக்கணக்கான இடங்களைத் தாக்கியது. ரசாயன ஆயுதம் இருக்கலாம் என்று கருதிய தளங்களும் அதில் அடக்கம். தவறான கைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். இப்படித் தாக்கினால் விஷம் பரவும் ஆபத்து உண்டு, விசாரணைக்கு வேண்டிய தடயமும் அழியும் என்று தடை அமைப்பின் தலைவர் ஃபெர்னாண்டோ அரியாஸ் எச்சரித்தார். மருதன், இதையும் ஆதரிக்கிறீர்களா?

மருதன்:

இல்லை. அது சிரிய மக்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. வாயு வீசும் கையைத் தடுக்க அடிப்பது வேறு, வீசியவன் ஓடிப்போன பிறகு கிடங்கை அடிப்பது வேறு. அப்போது அங்கே போக வேண்டியது ஆய்வாளர்கள். 2013-ஐப் பற்றி என் கருத்து அப்படியேதான் இருக்கிறது.

சாம்பல்நாரை:

ஆய்வாளர்கள் போனார்கள். 2025 பிப்ரவரியில் அரியாஸே டமாஸ்கஸுக்குப் போய்ப் புதிய ஆட்சியாளர்களைச் சந்தித்தார். அசாத் காலத்தில் அறிவிக்காமல் ஒளித்துவைத்த நூற்றுக்கும் மேற்பட்ட இடங்கள் இருக்கலாம் என்பது இப்போதைய கணக்கு. ஒப்படைத்த பட்டியலிலேயே ஓட்டை என்று அந்த அமைப்பு பத்து வருடமாகச் சொல்லிவந்தது எவ்வளவு பெரிய ஓட்டை என்று இனிமேல்தான் தெரியப்போகிறது. நெய்தல் தம்பி விவரித்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது, இந்த முறை கண்ணிவெடிக்கும் இடிபாட்டுக்கும் நடுவில்.

ஆய்வுக்கூடங்களில் வேலை பார்த்த சிரிய வேதியியலாளர்கள் பலர் இன்னும் உயிரோடு, அந்த நாட்டிலேயே இருப்பார்கள். எந்தப் பீப்பாய் எங்கே போனது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் பயமில்லாமல் வந்து பேச ஒரு ஏற்பாடு செய்வதுதான் இப்போது அவசரம். சமல்காவிலும் முவாதமியாவிலும் இத்தனை வருடம் வாய் திறக்க முடியாமல் இருந்த டாக்டர்களும் செவிலியர்களும் 2025 ஆகஸ்டில்தான் முதல்முறையாக அந்த நாளைத் தங்கள் ஊரிலேயே வெளிப்படையாக நினைவுகூர முடிந்தது. அவர்கள் வாக்குமூலத்தை யார் பதிவு செய்கிறார்கள், எந்த நீதிமன்றத்துக்காகப் பதிவு செய்கிறார்கள் என்பதைச் சட்டப்புள்ளி தெரிந்தால் எழுதுங்கள். நாம் அடுத்து பேச வேண்டியது அதைத்தான்.